தபோராவின் ஊமை வளையம்

நியாமிசி அக்காவின் முகத்தை நான் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான் தெரியும். பேசத் தொடங்குமுன் தொண்டையைச் செருமுவார். செருமி முடித்த பிறகு மைக்கின் பொத்தானை அழுத்துங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், கேட்டதில்லை. எங்களுடைய எல்லாப் பேச்சும் அந்தச் செருமலில்தான் தொடங்கியது. இப்போதும் வயர்லெஸ் செட்டை முடுக்கினால் முதலில் அதைத்தான் காது தேடுகிறது.

தபோராவில், காட்டு மருந்தகங்களை நடத்திவந்த ஒரு திருச்சபை அலுவலகத்தில் அவர் வயர்லெஸ் பார்த்தார். நான் தெற்கே, சொங்கேயாவுக்கு வெளியே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அதே வேலை. இடையே எழுநூறு கிலோமீட்டர். வாரம் ஒரு நாள் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் பொதுவான அலைவரிசையில், தார் எஸ் சலாமிலிருந்து வர வேண்டிய மருந்துப் பெட்டிகளைப் பற்றிப் பேசிக்கொள்வோம், அது எங்கள் மருந்து நாள். மற்ற நாட்களில் அவரவர் அலைவரிசையில் அவரவர் மருந்தகங்களோடு. அடுத்தவர் அலைவரிசையில் காது வைப்பது எங்களுக்குள் மரியாதை இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கிற வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போன்றது அது.

அவர் கணவர் மிஹாயோ ஆண் செவிலியர். தொண்ணூற்றாறாம் வருடம் அவரை இலாம்பா மருந்தகத்துக்கு அனுப்பினார்கள். தபோராவிலிருந்து இருநூறு கிலோமீட்டர், முழுக்கக் காடு. வெயில் காலத்தில் புகையிலை லாரிகள் போகும். மழை பிடித்துவிட்டால் பாதையே இருக்காது. கடிதமும் போகாது, ஆளும் போக முடியாது. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அக்கா தபோரா வீட்டில் தனியாக இருந்தார்.

தபோரா அலுவலகம் தினமும் சாயங்காலம் மருந்தகங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடும். எங்கள் கணக்கில் அது பன்னிரண்டு மணி. கடிகார முள் ஆறில் இருக்கும். எங்களுக்கு நாள் விடியலிலிருந்து எண்ணப்படுகிறது, காலை ஏழுதான் ஒரு மணி, மத்தியானம் மூன்றுதான் ஒன்பது. மழை தொடங்கிய புதிதில் இலாம்பாவின் குரல் சில நாள் மங்கலாக வந்தது. பிறகு வரவில்லை. மற்ற மருந்தகங்களுக்குப் புது செட் போயிருந்தது, அவை இன்னொரு தாழ்ந்த அலைவரிசைக்கு மாறிவிட்டன. இலாம்பாவில் இருந்தது பழைய பெட்டி, அதற்கு ஒரே ஒரு அலைவரிசைதான். அக்கா மற்றவர்களைக் கூப்பிட்டு முடித்துவிட்டு, பழைய அலைவரிசைக்குத் திரும்பி, "இலாம்பா, இலாம்பா, தபோரா பேசுது" என்று கூப்பிடுவார். இரைச்சல்தான் பதில்.

அந்த அலுவலகத்தில் கிடங்கு பார்த்த கபூபிக்கு வாய் சும்மா இருக்காது.

"தங்கச்சி, இலாம்பாத் தேன் ரொம்ப நல்லா இருக்குமாம். தேன் எடுக்கறவனோட பொண்ணுங்க அதைவிட நல்லா இருப்பாங்களாம். உன் வீட்டுக்காரருக்கு வயர்லெஸ் ஞாபகம் வருமா என்ன?"

எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாராம். "நான் சிரிக்கலைன்னா அது நிஜமாயிடும்போல இருந்துச்சு தம்பி" என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னார்.

கபூபியைச் சிரித்துச் சமாளிக்க முடிந்தது. படத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை.

அந்த வருடம் வயர்லெஸ் கம்பம் நட வந்த பின்லாந்துப் பொறியாளர் ஒருவர், அலுவலகக் கணினியில் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வானொலி அலை எந்த மணியில் எங்கே போகும் என்று முன்கூட்டியே கணிப்பது. இரண்டு ஊர்கள் இருக்கும் இடம், மாதம், சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளின் கணக்கு, இவற்றைக் கொடுத்தால் ஒரு படம் வரும். வரும் வருடங்களுக்கான புள்ளிக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். படத்தின் அடியில் நாளின் இருபத்து நான்கு மணி, பக்கத்தில் அலைவரிசைகள். நடுவே ஒரு கோடு மலைபோல ஏறி இறங்கும். உங்கள் அலைவரிசை கோட்டுக்குக் கீழே இருந்தால், குரல் வானத்தில் பட்டுத் திரும்பி அந்த ஊரில் இறங்கும். கோட்டுக்கு மேலே இருந்தால் அந்த ஊரைத் தாண்டிப் போய்விடும், தொலைவில் வேறு யார் காதிலாவது விழும். சூரியனில் புள்ளிகள் குறைந்தால் கோடும் தாழ்ந்துவிடும். அது புள்ளிகள் மிகவும் குறைந்திருந்த காலம்.

அக்கா தபோராவுக்கும் இலாம்பாவுக்கும் படம் எடுத்தார். தாங்கள் கூப்பிடுகிற பன்னிரண்டு மணியைப் பார்த்தார். மலையின் உச்சி அங்கேதான் இருந்தது. வழி அகலத் திறந்திருந்தது. வழி திறந்திருந்தும் குரல் வரவில்லை என்றால், பேச வேண்டியவர் பேசவில்லை என்றுதானே அர்த்தம்? மழை மாதங்களில் ஒவ்வொரு மாதமும் புதுப் படம் எடுத்தார். ஒவ்வொரு படமும் அதையே சொன்னது.

ஒரு மருந்து நாளில், மற்ற ஆஸ்பத்திரிகள் விடைபெற்றுப் போன பிறகு, செருமல் சத்தம் கேட்டது.

"சொங்கேயா, இன்னும் இருக்கியா ஹாவுலே தம்பி? ஓவர்."

"இருக்கேன் அக்கா. ஓவர்."

"நீ தார் எஸ் சலாம்ல பௌதிகம் படிச்சவனாமே. ஒண்ணு கேக்கணும். படத்துல கோடு உச்சியில இருக்கு, நம்ம அலைவரிசை அதுக்கு ரொம்பக் கீழ. அப்போ அந்தப் பக்கம் பேசினா இந்தப் பக்கம் கேக்கணும்தானே? ஓவர்."

"கேக்கணும் அக்கா. ஓவர்."

"கேக்கலைன்னா?"

"அங்க செட் கெட்டுப் போயிருக்கலாம். பேட்டரி தீர்ந்திருக்கலாம். ஓவர்."

"இல்லைன்னா பேச ஆளுக்கு இஷ்டமில்லாம இருக்கலாம். சொல்லேன். வெக்கப்படாம சொல்லு. ஓவர்."

எனக்கு அவர் வீட்டு விஷயம் அப்போது தெரியாது. பேச்சை மாற்றுவதற்காகத்தான் உச்சி எந்த மணியில் வருகிறது என்று கேட்டேன். பன்னிரண்டு என்றார். எனக்குப் புரியவில்லை. வானத்தின் தெம்பெல்லாம் வெயிலிலிருந்து வருவது. பொழுது சாயும் நேரத்தில் உச்சி எப்படி வரும்?

"அக்கா, படத்துக்கு அடியில போட்டிருக்கற மணி யாரோட மணி? ஓவர்."

"மணியில உன் மணி என் மணின்னு இருக்கா? பன்னெண்டுன்னா பன்னெண்டுதான். எல்லா மருந்தகமும் விளக்கேத்தற நேரம். ஓவர்."

"அது நம்ம கணக்கு. படம் போட்டவனுக்கு நம்ம கணக்கு எப்படித் தெரியும்? அது லண்டன் மணி அக்கா. அங்க பன்னெண்டுன்னா நமக்கு மத்தியானம் ஒன்பது. நீங்க சாயங்காலம் கூப்பிடற நேரம் அதுல பதினஞ்சு. பதினஞ்சைப் பாருங்க. ஓவர்."

அவர் பொத்தானை அழுத்திக்கொண்டே தாளைப் புரட்டினார். தாள் சரசரப்பது கேட்டது. எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"கோடு இறங்கிடுச்சு தம்பி" என்றார். "நம்ம அலைவரிசைக்குக் கீழ இறங்கிடுச்சு." பிறகு, "லண்டன்காரன் சாப்பாட்டு நேரத்தைப் பாத்துட்டு, இத்தனை மாசமா என் வீட்டுக்காரரைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். சிரித்தார். ஓவர் சொல்ல மறந்துவிட்டார்.

அடுத்த வாரம் இன்னொரு படத்தோடு வந்தார். இலாம்பாவிலிருந்து சாயங்காலம் பேசினால் குரல் எங்கெல்லாம் விழும் என்று காட்டும் நிலப்படம். இலாம்பாவைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம், உள்ளே ஒன்றுமில்லை. தபோரா அந்த வெள்ளைக்குள் இருந்தது. வளையத்துக்கு வெளியே நிறம் தொடங்கியது.

"இதுக்கு நான் ஊமை வளையம்னு பேர் வெச்சிருக்கேன். எங்களை எல்லாம் தாண்டிப் போய் உன் தலையிலதான் விழுது. ஓவர்."

"அப்போ அவர் பேசிக்கிட்டுதான் இருக்கார் அக்கா. ஓவர்."

"அப்படிப் படம் சொல்லலையே. பேசினாலும் எனக்குக் கேக்காதுன்னுதான் சொல்லுது. பேசறாரா இல்லையான்னு அதுக்குத் தெரியாது." செருமினார். "நீ எங்க அலைவரிசையில காது வெச்சுக் கேளு. நான் சொல்றேன், தப்பில்ல. என்ன கேட்டாலும் அப்படியே சொல்லணும். என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டு எதையும் சேக்கக் கூடாது. ஓவர்."

அன்று சாயங்காலம் எங்கள் மருந்தகங்களைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு தபோராவின் அலைவரிசைக்குப் போய், அலையின் வலுவைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். முள் எழுந்தது. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல ஒரு ஆண் குரல்.

"தபோரா, தபோரா, இலாம்பா. நீங்க பேசறது கேக்கலை. நான் பேசறது கேட்டா எழுதிக்குங்க."

பிறகு கணக்குகள் வந்தன. மலேரியா, தட்டம்மை, பிரசவம், மிச்சமிருக்கிற மாத்திரை. ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி, எழுதுகிறவருக்கு நேரம் கொடுத்துச் சொன்னார். முழுவதையும் இன்னொரு தடவை சொன்னார். பிறகு, "இலாம்பா முடிச்சுது" என்றார்.

மறுநாள் மருந்து நாள் இல்லை. ஆனாலும் அக்கா பொது அலைவரிசையில் காத்திருந்தார்.

"பேசறார் அக்கா. தெளிவா பேசறார். ஓவர்."

"என்ன பேசினார்? ஓவர்" என்று மட்டும் கேட்டார்.

"கணக்கு. ஓவர்."

"வேற? ஓவர்."

சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். "வேற ஒண்ணும் இல்ல அக்கா. ஓவர்."

"சரிதான். வயர்லெஸ்ல சொந்தப் பேச்சு கூடாதுன்னு எல்லாருக்கும் சட்டம் போட்டவளே நான்தான். அவருக்கும் சொல்லித்தான் அனுப்பினேன்." செருமினார். "முடிச்சுதுன்னு சொன்னதும் உடனே அணைச்சுட்டாரா? ஓவர்."

அதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். முடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் அவர் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒன்றும் பேசாமல் அப்படியே வைத்திருந்தார். பின்னால் ஒரு சேவல் கூவியது கேட்டது. அந்தி நேரத்தில் கூவுகிற சேவலை நான் அதுவரை கேட்டதில்லை என்றேன்.

"அது எங்க சேவல்!" என்று கத்தினார் அக்கா. "நேரம் கெட்ட நேரத்துல கூவுதுன்னு குழம்பு வெக்கப் போனேன். நான் கொண்டுபோறேன்னு லாரியில தூக்கிட்டுப் போனார். இன்னும் அடிச்சுச் சாப்பிடலையா அந்த மனுஷன்? ஓவர்."

அதற்குப் பிறகு அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. பொத்தான் விடுபட்டிருந்தது.

அன்று சாயங்காலம் நான் இலாம்பாவைக் குறுக்கிட்டேன். "இலாம்பா, இது சொங்கேயா" என்றேன்.

"சொங்கேயாவா? நான் கூப்பிட்டது தபோராவை. ஓவர்."

"தெரியும் ப்வானா" என்றேன், ஐயா என்கிற மரியாதையில். "உங்க குரல் தபோராவுக்கு மேல தாண்டி இங்க வந்து விழுது. உங்க மனைவி படம் பாத்துக் கண்டுபிடிச்சாங்க. ஓவர்."

"நியாமிசியா? அவ படம் எல்லாம் பாப்பாளா? செட்டைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டினேன் தம்பி. அங்க என்னைப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்கன்னே நெனச்சேன். ஓவர்."

"அக்கா ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க. இனிமே மத்தியானம் ஒன்பது மணிக்குக் கூப்பிடுங்க. அந்த நேரத்துல வளையம் இருக்காது. ஓவர்."

மறுநாள் மத்தியானம் ஒன்பது மணிக்கு நானும் கேட்டிருக்க முடியும். அந்த அலைவரிசை அந்த நேரத்தில் எனக்கும் வரும். செட்டை அணைத்துவிட்டு உகாலிக் களி சாப்பிடப் போனேன். பிறகு உணவுக்கூடத்தின் ஜன்னல் வழியாகக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று அக்கா சொன்னதில்லை. "மத்தியானத்துக்கு அந்தச் சட்டம் இல்லைன்னு வெச்சுக்கிட்டோம்" என்று மட்டும் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதைதான். மிஹாயோ இரண்டு வருடத்துக்கென்று போனவர். இலாம்பாவுக்கு வேறு செவிலியர் யாரும் போகச் சம்மதிக்கவில்லை. அலுவலகம் இன்னும் ஒரு வருடம் என்றது, பிறகு இன்னும் ஒன்று, இப்படியே பத்து வருடத்துக்கும் மேலாகப் போனது. அவர் முடியாது என்று சொல்லவில்லை. அக்காவும் சொல்லச் சொல்லவில்லை. கபூபி சொன்ன மாதிரி அங்கே யாரும் இருக்கவில்லை. பிரசவத்துக்கு வருகிற பெண்களும், மருந்துக்கு வருகிற குழந்தைகளும், அவரும்தான். வெயில் காலத்தில் ஒரு மாதம் லாரியில் தபோராவுக்கு வருவார்.

"வீட்டுக்கு வந்தா பேசவே மாட்டேங்கறார் தம்பி" என்று அப்படி ஒரு மாதத்தில் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். "எதிர எதிர உக்காந்து சாப்பிடறோம். உப்பு போதுமான்னு கேப்பேன், போதும்பார். மத்தியானம் ஒன்பது மணி ஆச்சுன்னா எழுந்து வந்து ரேடியோ அறை வாசல்ல நிக்கறார். எனக்கும் கை மைக்குக்குப் போகுது. இங்கேயே நிக்கறவரை எப்படிக் கூப்பிடறது? ஓவர்."

நான் சிரித்தேன். சிரித்த பிறகு என் அறையைப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு செட், சுவரில் ஆணி. அவ்வளவுதான்.

மாதம் பிறந்தால் அக்கா புதுப் படம் எடுப்பார். இலாம்பாவுக்கு ஒன்று. எனக்கும் ஒன்று. தபோராவுக்கும் சொங்கேயாவுக்கும் இடையே எந்த மணி நல்லது என்று வாய்மொழியாகவே சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். படம் நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்லாது, மாதத்தில் எத்தனை நாள் கேட்கும் என்றுதான் சொல்லும். ஒன்பது மணிக்கு இலாம்பா முப்பது நாளில் இருபத்தேழு நாள் கேட்கும். மீதி மூன்று நாள் எந்தெந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. "அந்த மூணு நாளுக்கு யாரும் யார்மேலயும் கோவிச்சுக்கக் கூடாது" என்று மிஹாயோவிடம் சொல்லி வைத்திருந்தார். என்னிடமும் சொன்னார்.

நடுவில் சூரியனில் புள்ளிகள் கூடி, சாயங்காலங்களும் திறந்தன. பிறகு மறுபடி புள்ளிகள் குறைந்தன. தபோராவுக்கும் எங்களுக்கும் கைப்பேசி வந்துவிட்டது. இலாம்பாவுக்கு வரவில்லை. "அந்தப் பின்லாந்துக்காரர் தாள்ல போட்டிருந்தபடியே ஊமை வளையம் திரும்ப வந்துடுச்சு. சாயங்காலத்துல உன் காதை மறுபடி தயார் பண்ணிக்கோ" என்று இரண்டாயிரத்து ஏழின் கடைசியில் சொன்னார்.

மறு வருடம் மார்ச்சில், மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், என் கைப்பேசியில் கபூபி கூப்பிட்டார். அவர் குரலை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஹாவுலே, நியாமிசி போயிட்டா. காலையில நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கறதுக்குள்ள..."

மழைச் சத்தம் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்தினேன்.

"இப்போ ஒன்பது மணிக்கு அவர் கூப்பிட்டார். நான் அறையிலதான் நின்னேன். தபோரா, தபோராங்கறார். என்னால மைக்கை எடுக்க முடியலைப்பா. வாழ்நாள் முழுக்க அவளைக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தவன் நான். நான் எப்படிச் சொல்றது?" அழுதார். "சாவைக் காத்துல சொல்ற வழக்கமும் நம்மகிட்ட இல்ல. உடம்பு சரியில்ல, வாங்கன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து, உக்கார வெச்சுத்தான் சொல்லணும். பாதை எங்க இருக்கு? சாயங்காலம் அவர் உன்னைத்தான் கூப்பிடுவார்."

சாயங்காலம் செட்டின் முன்னால் உட்கார்ந்தேன். முள் எழுந்தது.

"சொங்கேயா, சொங்கேயா, இலாம்பா. ஹாவுலே தம்பி, இருக்கீங்களா? ஓவர்."

"இருக்கேன் ப்வானா. ஓவர்."

"இன்னிக்கு ஒன்பது மணிக்குத் தபோரா கேக்கலை. அந்த மூணு நாள்ல ஒண்ணுபோல இருக்கு. சேதி ஒண்ணும் இல்ல. என் குரல் கேக்கலைன்னு அவ கவலைப்பட்டுக்கிட்டு இருப்பா, அதான். நாளைக்குக் கூப்பிடறேன்னு மட்டும் சொல்லிடுங்க. ஓவர்."

"ப்வானா மிஹாயோ, பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஓவர்."

"இந்த மழையில யார் இருப்பாங்க? ஏன் கேக்கறீங்க?" பொத்தானை விட்டார். மறுபடி அழுத்தினார். "வளையமா? மத்தியானத்துக்கும் வந்துடுச்சா? அவ படத்துல அப்படி வந்திருக்கா? ஓவர்."

சேர்க்கக் கூடாது என்று ஒரு தடவை சொன்னவர் அக்கா. குறைக்கவும் கூடாது என்றுதான் அதற்கு அர்த்தம்.

"இது வளையம் இல்ல, ப்வானா. ஓவர்."

அவர் பொத்தானை அழுத்தினார். பேசவில்லை. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் முழுசாக வந்தது. ஒருவர் பொத்தானை அழுத்தி வைத்திருக்கும்வரை எதிரில் இருப்பவர் எதுவும் சொல்ல முடியாது. இன்று காலையில் என்று தொடங்கும் வாக்கியத்தை நான் தயாராக வைத்திருந்தேன். மைக்கைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இலாம்பாவில் மழை பெய்துகொண்டிருந்தது, முள் இறங்கவே இல்லை.